கேபிக்குள் அடங்காத சான்றிதழ்கள்

குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாலும் ஒரே கோரிக்கைதான் காதில் விழும்: "அண்ணா, கொஞ்சம் கேபி குறைச்சுக் குடுங்க." பன்னிரண்டு, பதினைந்து வருடம் படித்து வாங்கிய தாள்களை, கோப்பின் கேபி (கிலோபைட்) அளவு அதிகம் என்ற ஒற்றைச் சிவப்பு வரி திருப்பி அனுப்பிவிடுகிறது. கடைக்காரர் ஏதோ ஒரு இணையதளத்தில் கோப்பைப் போட்டு எடுக்கிறார். அளவு குறைகிறது, விண்ணப்பமும் போய்ச் சேருகிறது. அப்படிப் போய்ச் சேர்ந்த தாளில் பதிவு எண் படிக்கும்படி இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 2022, 2024 ஆண்டுகளின் குரூப் 4 தேர்வுகளுக்கு ஒவ்வொரு முறையும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். டெல்டா மாவட்டங்களில் இதற்கு மேலும் வாய்ப்புகள் உண்டு: ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் நடத்தும் தேர்வுகள், கூட்டுறவுச் சங்கங்களின் உதவியாளர் பணி, வங்கித் தேர்வுகள், ரயில்வே. அறுப்பு முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் வீட்டில் பிள்ளைகள் நான்கைந்து விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. எனவே கேபி என்பது இன்று அரசு வேலைக்கான முதல் வாசற்படியாகிவிட்டது. அந்தப் படி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் விதிகள். குரூப் 4 தேர்வை நடத்தும் டிஎன்பிஎஸ்சியின் நிரந்தரப் பதிவில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும்: புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி, கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி, இடது பெருவிரல் ரேகை 240க்கு 240 பிக்சல், 20 முதல் 50 கேபி, கையால் எழுதிய உறுதிமொழி 800க்கு 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. யுபிஎஸ்சி 2024 வரையிலான அறிவிக்கைகளில் 300 கேபி வரை தாராளமாகவே இடம் கொடுத்தது. சான்றிதழ்களுக்கு இப்படி ஒரு பொது வழக்கம் கிடையாது. ஒரு தளத்தில் 200 கேபி, இன்னொன்றில் 500, வேறொன்றில் 2 எம்பி என்று ஆளுக்கொரு வரம்பு.

இந்த எண்களை அருகருகே வைத்தால் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு தெரியும். 200க்கு 230 பிக்சல் என்றால் படத்தில் மொத்தம் 46,000 புள்ளிகள். அதற்கு 50 கேபி அனுமதி. புள்ளிக்கு ஒரு பைட்டுக்கும் மேலாகவே கிடைக்கிறது. இனி ஒரு மார்க் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளை 200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 1654க்கு 2339 பிக்சல், ஏறக்குறைய 38.7 லட்சம் புள்ளிகள். அதை 200 கேபிக்குள் அடக்கச் சொன்னால், சுமார் இருபது புள்ளிகளுக்கு ஒரு பைட்தான் கிடைக்கும். முகத்துக்குக் கொடுத்த இடத்தில் இருபதில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்கு. முகம் கொஞ்சம் மங்கினாலும் ஆளை அடையாளம் தெரியும். மதிப்பெண்ணில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் அந்தத் தாளுக்கே பொருள் இல்லை. பிள்ளைகள் கடையில் அவதிப்படுவதற்கு அவர்களுடைய அறியாமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என் கணக்கில் பாதிக்கு மேல் காரணம் இந்த வரம்பிலேயே இருக்கிறது.

மீதிக் காரணம் ஸ்கேன் செய்கிற நொடியில் இருக்கிறது. கடைகளில் ஸ்கேனர் பெரும்பாலும் 300 டிபிஐ, முழு வண்ணம் என்ற அமைப்பிலேயே நிற்கும். அதில் ஒரு ஏ4 தாள் 87 லட்சம் புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் சுருக்காத நிலையில் 26 எம்பி. அதையே 150 டிபிஐ-க்கு இறக்கினால் 1240க்கு 1754 பிக்சல், சுமார் 21.7 லட்சம் புள்ளி. டிபிஐ பாதியானால் புள்ளிகள் கால்வாசியாகும். சுருக்கும் வேலையில் பெரிய லாபம் இங்கேதான் கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு, 300 டிபிஐ-யில் எடுத்ததை அப்படியே தளத்தில் போட்டு நசுக்கும்போதுதான் எழுத்து சிதைகிறது. கருப்பு வெள்ளையாக மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வண்ணத்தை நீக்கிச் சாம்பல் நிறமாக்குவதால் ஜேபெக் கோப்பில் மிச்சமாவது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஏனென்றால் ஜேபெக் முறை வண்ணத்தை முதலிலேயே வெகுவாகக் குறைத்துத்தான் எழுதுகிறது.

அந்த ஜேபெக் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1992-இல் தரமாக வெளியான அதன் உயிர், 1974 ஜனவரியில் மூன்று பேர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் அந்த மூவர். அகமது பெங்களூரில் பொறியியல் படித்தவர். ராவ் 1952-இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இந்த யோசனைக்கு நிதி கேட்டு 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அகமது விண்ணப்பித்தபோது, இது மிக எளிமையான விஷயம் என்று மறுத்துவிட்டார்கள். நிராகரிக்கப்பட்ட அந்த விண்ணப்பத்திலிருந்து பிறந்த கணிதம்தான் இன்று ஒவ்வொரு வேலை விண்ணப்பத்தின் புகைப்படத்தையும் சுமக்கிறது. கிண்டியில் படித்த ஒருவரின் பெயர் இதில் இருக்கிறது என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அந்தக் கணிதம் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மெதுவாக மாறுகிறதா, சட்டென மாறுகிறதா என்று அளக்கிறது. மெதுவான மாற்றத்தைப் பத்திரப்படுத்தி, சட்டென வரும் மாற்றங்களில் கைவைக்கிறது. முகம், வானம், வயல் போன்றவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும். எழுத்து என்பதோ முழுக்க முழுக்கச் சட்டென வரும் மாற்றம். வெள்ளைத் தாளில் கருப்புக் கோடு. அதனால்தான் அதிகமாக நசுக்கிய மார்க் ஷீட்டில் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்தது போலப் புள்ளிகள் தெரிகின்றன.

நம் ஊர்ச் சான்றிதழ்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்தில் ஓட்டையும் கூரையையும் பிய்த்தெறிந்தபோது, பெட்டியில் இருந்த காகிதங்களும் நனைந்தன. அப்படிக் காயவைத்து எடுத்த தாள்களில் பழுப்புத் திட்டு, மடிப்பு, மை பரவிய தடம் எல்லாம் இருக்கும். பயந்துபோய் லேமினேஷன் செய்தவர்கள் பலர். மார்க் ஷீட்டின் பின்னணியிலேயே போலியைத் தடுக்கும் மெல்லிய கோலக் கோடுகள் வேறு அச்சாகியிருக்கும். இவை ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு மாற்றமாகவே பதியும். எழுத்தே இல்லாத வெற்றிடம்கூட கேபியைத் தின்னும். ஆகவே தரத்தைக் குறைப்பதற்கு முன்னால் பின்னணியை வெளுக்க வேண்டும். செல்போன் ஸ்கேன் செயலிகளிலும் கணினியில் உள்ள படத் திருத்த மென்பொருள்களிலும் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டும் வசதி உண்டு. பழுப்பு வெள்ளையாகிவிட்டால், அதே டிபிஐ-யில், எழுத்துக்குச் சேதமில்லாமல் கோப்பு கணிசமாக இளைக்கும். ஆனால் எல்லை தெரிந்து வெளுக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தின் ஊதா முத்திரையும் பச்சை மையில் போட்ட கையெழுத்தும் தாளில் மிக வெளிறிய பொருள்கள். முதலில் மறைவது அவைதான். முத்திரை இல்லாத சாதிச் சான்றிதழை அனுப்பிவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்ல நேர்ந்தவர்கள் உண்டு.

ஒரு பிளஸ் டூ மார்க் ஷீட்டை 200 கேபிக்குள் கொண்டுவரும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். லேமினேட் செய்த தாளாக இருந்தால் செல்போன் பிளாஷை அணைத்துவிட்டு, திண்ணையில் நிழலான பகல் வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுக்கலாம். ஸ்கேனர் கிடைத்தால் அதுவே மேல். கடைக்காரரிடம் "தம்பி, 150 டிபிஐ, கிரே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாளின் ஓரத்துக்கு வெளியே தெரியும் கருப்பு விளிம்பை வெட்ட வேண்டும். அந்த விளிம்பு வீண் சுமை. பிறகு பின்னணியை வெளுத்து, ஜேபெக் தரத்தை 60, 70 என்ற அளவில் வைத்துச் சேமித்தால் பெரும்பாலான தாள்கள் வரம்புக்குள் வந்துவிடும். அதன் பிறகே பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிடிஎஃப் என்பது உறை. உள்ளே இருக்கும் படம் பெரிதாக இருந்தால் உறை மாற்றுவதால் எடை குறையாது. கடைசியாகக் கோப்பைத் திறந்து, பதிவு எண், பிறந்த தேதி, தமிழில் உள்ள பெயர் மூன்றையும் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். வரம்பு 200 என்றால் 190-இல் நிறுத்துவது நல்லது. ஒரு கேபி என்பது 1000 பைட்டா 1024 பைட்டா என்பதில் தளத்துக்குத் தளம் கணக்கு மாறும்.

தமிழ்ப் பெயரைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுருக்கும் தளங்களில் 'அதிகபட்சச் சுருக்கம்' என்ற பொத்தானை அமுக்கினால், பல நேரம் படம் 72 டிபிஐ வரைக்கும் இறங்கிவிடும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் திரைக்கான அமைப்பு 72 டிபிஐ, மின்னூலுக்கான அமைப்பு 150 டிபிஐ. பத்து பாயிண்ட் அளவில் அச்சான எழுத்தின் மொத்த உயரம் 72 டிபிஐ-யில் பத்தே பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிக்சல். சுருக்கத்தில் அந்த ஒரு பிக்சல் சாம்பலாகக் கரைந்தால் 'க்' என்பது 'க' ஆகும். ண, ன இரண்டும் ஒன்றாகும். ஆங்கில எழுத்து அந்த அளவிலும் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிறது என்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. தமிழ் வழியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் தமிழில் இருக்கிற மாநிலத்தில், சுருக்கத்தின் கீழ் எல்லையைத் தமிழ் எழுத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 150 டிபிஐ-க்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன்.

படம் எல்லாவற்றையும் ஜேபெக்கில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. முத்திரை, வண்ணம் எதுவும் முக்கியமில்லாத அச்சுத் தாளுக்கு, ஒவ்வொரு புள்ளியையும் கருப்பு அல்லது வெள்ளை என்று மட்டும் பதியும் பழைய பேக்ஸ் முறை இருக்கிறது. 1984-இல் வந்த குரூப் 4 என்ற பேக்ஸ் தரம் அது. நம் குரூப் 4-க்கும் அதற்கும் தொடர்பில்லை. 200 டிபிஐ-யில் ஏ4 தாள் சுருக்காமலே 484 கேபி. சுருக்கினால் சாதாரண எழுத்துத் தாள் பெரும்பாலும் 50 கேபியை ஒட்டி வந்து நிற்கும். எழுத்தில் கொசு மொய்க்காது. ஆனால் இதே குடும்பத்தில் பின்னால் வந்த ஜேபிக்2 என்ற முறையைக் கையாள்வதில் கவனம் தேவை. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே அச்சைப் பயன்படுத்தி இடத்தை மிச்சம் பிடிக்கப்போய், 6 இருந்த இடத்தில் 8 தெளிவாக, மங்கலே இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தியது. மதிப்பெண் பட்டியலுக்கு இதைவிட ஆபத்தான பிழை இருக்க முடியாது.

கையெழுத்தில் சிக்கல் தலைகீழ். அங்கே கேபி ஏற மாட்டேன் என்கிறது. ஐபிபிஎஸ் கேட்கும் 140க்கு 60 பிக்சல் என்றால் 8,400 புள்ளி. சுருக்காமலே 25 கேபிதான். ஜேபெக் ஆக்கினால் நான்கைந்து கேபிக்கு இறங்கிவிடும். விதியோ குறைந்தது 10 கேபி வேண்டும் என்கிறது. சொன்ன பிக்சலையும் கேபியையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது சாதாரண வழியில் நடக்காத காரியம். அறிவிக்கையில் அந்தப் பிக்சல் அளவு விரும்பத்தக்கது என்றுதான் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதால், அதே விகிதத்தில் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி, 280க்கு 120, 420க்கு 180 என்று வைத்து, தரத்தையும் மேலே ஏற்றினால் வரம்புக்குள் வரும். வெள்ளைத் தாளில் கருப்பு மையில் போட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும். கோடு போட்ட நோட்டுத் தாளில் போட்டால் கோடும் சேர்ந்து வரும்.

கிராமத்திலிருந்து கடைக்குத் தாள் வரும் வழியும் கெடுதல் செய்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, மகள் தஞ்சாவூரில் அதைக் கடைக்காரருக்கு அனுப்புகிறாள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் வழக்கமாக நீளத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். ஏ4 தாளுக்கு அது 137 டிபிஐ. அதுவும் தாள் படத்தை முழுதாக நிறைத்திருந்தால். அங்கிருந்து இன்னொரு முறை சுருக்கினால் நான் சொன்ன கீழ் எல்லையும் போய்விட்டது. 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். இதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

ஸ்கேன் செய்யவே கூடாத தாள்களும் இருக்கின்றன. இ-சேவை மையம் மூலம் இன்று கிடைக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் பிறக்கும்போதே பிடிஎஃப். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, திரும்ப ஸ்கேன் செய்து கேபி குறைக்கப் பாடுபடுகிறோம். எழுத்தாகவே இருந்த கோப்பைப் படமாக மாற்றிப் பெரிதாக்கி, கையொப்பத்தையும் செல்லாததாக்கிய பிறகு சுருக்கத் தொடங்குகிறோம். மூலக் கோப்பு கையில் இருந்தால், வரம்பு இடம் கொடுக்கும்வரை, அதையே பதிவேற்ற வேண்டும். 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களை அசலுக்குச் சமமாக ஏற்க 2017-இலேயே விதி வந்துவிட்டது. ஆள்சேர்ப்புத் தளங்கள் அங்கிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டால் சமீபத்தில் படித்து முடித்தவர்களுக்குக் கேபிப் பேச்சே எழாது. பழைய அட்டைச் சான்றிதழ் வைத்திருக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்குத்தான் ஸ்கேன் தேவைப்படும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கேபி குறைத்துத் தரும் இணையதளத்துக்கு நாம் அனுப்புவது ஆதார், மதிப்பெண், சாதி, கையெழுத்து, விரல் ரேகை எல்லாம் சேர்ந்த மொத்தக் கட்டு. கடையின் கணினியிலும் அதன் நகல் டவுன்லோட்ஸில் கிடக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், பொதுக் கணினியில் ஆதாரை இறக்கினால் பிறகு நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கையில் இருந்த அந்த அறிவுரை மட்டும் இன்றும் சரிதான். கடையை விட்டு எழுமுன் நம் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்ல வெட்கப்படக் கூடாது. முடிந்தவரை கணினியில் ஏற்கெனவே இருக்கும் பெயிண்ட் போன்ற மென்பொருளிலேயே அளவைக் குறைப்பது பாதுகாப்பு.

சுருக்கிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கோப்பை அழித்துவிடுவது பரவலாக நடக்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் வரம்பு மாறும். சுருக்கியதையே மறுபடி சுருக்குவார்கள். தஞ்சை அரண்மனையில் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளை மின்வடிவாக்குவது போன்ற பணிகளில், உயர்தரப் படத்தைத் தனியே காத்து, பயன்பாட்டு நகலை அதிலிருந்து எடுப்பது ஆவணக் காப்பகங்களின் நடைமுறை. வீட்டுச் சான்றிதழுக்கும் அதுவே வழி. 300 டிபிஐ வண்ண ஸ்கேன் ஒன்றை ஒரே முறை எடுத்து, மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் வைத்துவிட்டால், புயல் வந்தாலும் தாளின் உருவம் மிஞ்சும்.

இவ்வளவையும் விண்ணப்பதாரரே சுமக்க வேண்டுமா? இருபது லட்சம் பேர், ஆளுக்குப் பத்துச் சான்றிதழ், ஒவ்வொன்றும் 200 கேபி என்றால் மொத்தம் 4 டெராபைட். கடையில் வாங்கும் ஒற்றை ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும் அளவு. வரம்பை 500 கேபியாக உயர்த்தினாலும் 10 டெராபைட்தான். கடைசி நாள் நெரிசலில் தளம் திணறும் என்பது உண்மையான கவலை. அதற்குச் சான்றிதழ்ப் பதிவேற்றத்துக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதல் அவகாசம் தரலாம். வரம்பைத் தளர்த்துவது அரசுக்குப் புதிதும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழை பெய்து நெல் நனைந்த பருவங்களில் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்து, 19, 20 என்று தளர்த்தியிருக்கிறார்கள். விளைச்சலைப் பார்த்து வரம்பை வைக்கும் அந்தப் பழக்கம் இங்கும் வர வேண்டும். நனைந்து காய்ந்த, கோலக் கோடு போட்ட, தமிழில் அச்சான உண்மையான மார்க் ஷீட்டுகளைச் சில நூறு எடுத்து, எந்த அளவில் எல்லா எழுத்தும் படிக்க முடிகிறது என்று சோதித்து, அதன்படி கேபியைத் தீர்மானிக்க ஒரு தேர்வாணையத்துக்குச் சில நாள் வேலைகூட ஆகாது. கையெழுத்துக்கான குறைந்தபட்ச வரம்பை எடுத்துவிடலாம். பதிவேற்றியதும் தாளை முழுத்திரையில் காட்டி, பதிவு எண் படிக்க முடிகிறதா என்று தமிழில் கேட்கும் ஒரு பக்கத்தையும் சேர்க்கலாம். அளவு அதிகம் என்று சொல்லும் வரியிலேயே 150 டிபிஐ, சாம்பல் நிறம் என்ற வழியையும் எழுதிவிட்டால், பேராவூரணியிலிருந்து வரும் பிள்ளை அதைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டி வேலையை முடித்துக்கொள்வாள்.